காலில் ஒன்றுமில்லை, ரோட்டில்தான் கோளாறு

கோவில்பட்டியில் இருந்தவரை என் பெரியம்மா ஒரு நாளில் மூன்று தடவையாவது வீட்டைவிட்டுக் கிளம்புவார். காலையில் பால் வாங்க, வெயில் ஏறுமுன் காய்கறிக்கு, சாயங்காலம் செண்பகவல்லி அம்மன் கோவிலுக்கு. வயது 76. இரண்டு முட்டியிலும் வலி, ஒரு கண்ணில் புரை நீக்கியது, சர்க்கரைக்கு மாத்திரை. பெரியப்பா போனபிறகு தனியாக இருக்க வேண்டாமென்று அண்ணன் சென்னைப் புறநகரில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே இறங்கினால் நடைபாதை இல்லாத தெரு. தெருமுனையில் எந்நேரமும் வண்டி ஓடும் மெயின் ரோடு. எட்டு மாதத்தில் பெரியம்மா வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தார். "வயசாயிருச்சுல்ல" என்று எல்லோரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன்.

அப்புறம் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போய்ப் பழைய தெருவிலேயே பத்து நாள் தங்கினோம். நான்காம் நாள் சாயங்காலம் ஆளைக் காணோம். கைத்தடியை ஊன்றிக்கொண்டு கோவிலுக்குப் போயிருக்கிறார். வழியில் மூன்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பேசி, தண்ணீர் வாங்கிக் குடித்து, மெதுவாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார். பதறிப்போய்த் தேடிவந்த என்னிடம் சொன்னார்: "கால்ல ஒண்ணுமில்லய்யா, ரோட்டுலதான் கோளாறு."

காலில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. எட்டு மாதத்தில் கெண்டைக்கால் மெலிந்துதான் போயிருந்தது. ஆனால் எது முந்தி, எது பிந்தி என்ற கணக்கில் அவர் சொன்னதுதான் சரி. வெளியே போவது முதலில் நின்றது. கால் அதற்கப்புறம்தான் ஓய்ந்தது.

முதுமையை ஆராய்பவர்கள் இதை 50 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள். பவல் லாட்டன், லூசில் நஹேமோ என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1973இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். ஒரு பக்கம் மனிதரின் திறன்: கால் பலம், பார்வை, காது, ஞாபகம், தைரியம். மறுபக்கம், இருக்கும் இடம் அவரிடம் கேட்பது: எத்தனை படி, எவ்வளவு உயரம், எத்தனை விநாடிக்குள் சாலையைக் கடக்க வேண்டும், உட்காராமல் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போனால் ஆள் தன்பாட்டுக்கு நடமாடுவார். இடம் கேட்பது கூடிப்போனால் முடங்குவார்.

30 வயதில் இது நமக்கு உறைப்பதில்லை. பள்ளத்தைத் தாண்டிவிடுகிறோம், பஸ் நகர்ந்தால் ஓடிப்போய் ஏறிக்கொள்கிறோம், வண்டி வந்தால் சுவரோரம் ஒதுங்கிவிடுகிறோம். தெரு நம்மிடம் எதையாவது கேட்கிறது என்பதே தெரியாது. திறன் குறையக் குறையத்தான், ஒருவர் வெளியே போவதும் போகாததும் தெருவின் கையில் போய்ச் சேருகிறது. இளைஞருக்குப் பொருட்டே இல்லாத ஒரு முழ உயரப் படி, 80 வயதில் ஒருவருடைய அன்றைய நாளையே தீர்மானிக்கும். அதே கணக்கில், அந்தப் படியைக் கொஞ்சம் தாழ்த்தினால் இளைஞருக்கு எந்த வித்தியாசமும் இருக்காது. பெரியவருக்கு ஒரு தெருவே திரும்பக் கிடைக்கும்.

அந்த விளக்கத்தில் இன்னொரு பாதியும் உண்டு, அதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. இடம் ஒன்றுமே கேட்காவிட்டாலும் கெடுதல்தான். எல்லாம் கைக்கு வந்து, எதற்கும் எழுந்திருக்க வேண்டாம் என்றாகிவிட்டால் இருக்கிற திறனும் கரையும். இதற்குப் பின்னால் திரும்ப வருகிறேன்.

முதியவர் ஒருவரின் உலகம் எவ்வளவு பெரியது என்று அளப்பதற்கே ஒரு முறை இருக்கிறது. அலபாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கி 2003இல் வெளியிட்ட அளவுகோல் அது. கடந்த நான்கு வாரத்தில் படுக்கும் அறையைத் தாண்டி வந்தீர்களா, வாசலுக்கு வந்தீர்களா, தெருவுக்குப் போனீர்களா, ஊருக்குள் போனீர்களா, ஊரைத் தாண்டினீர்களா என்று படிப்படியாகக் கேட்பார்கள். வாரத்தில் எத்தனை நாள் என்றும் கேட்பார்கள். தனியாகவா, ஆள் துணையோடா, கைத்தடியோடா என்பதற்கும் தனிக் கணக்கு. மொத்தம் 0 முதல் 120 வரை மதிப்பெண். நோய்ப் பட்டியலை மட்டும் பார்த்தால் என் பெரியம்மா கோவில்பட்டியிலும் சென்னையிலும் ஒரே ஆள். இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் இரண்டு வேறு ஆட்கள்.

இதில் வாசல் என்ற படியை நினைத்துப் பார்க்கிறேன். நம் ஊர்களில் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே திண்ணை என்று ஒன்று இருந்தது. வெளியே போக முடியாத நாளிலும் அங்கே வந்து உட்காரலாம். போகிறவர் வருகிறவரோடு பேசலாம். போகிறவருக்கும் அதுவே இளைப்பாறும் இடம். அடுக்குமாடி வீட்டில் அறைக்கு அடுத்தது நேராக மாடிப்படி, அதற்கடுத்தது நேராகத் தெரு. நடுவில் ஒரு படியையே உருவிவிட்டோம்.

சரி, வெளியே போகாவிட்டால் என்ன? வீட்டில் பத்திரமாக இருக்கட்டுமே என்றுதான் எல்லாக் குடும்பமும் நினைக்கிறது. ஆனால் வயதான தசை சும்மா இருந்தால் மிக வேகமாகக் கரையும். ஆரோக்கியமாக இருந்த சில முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. பத்தே நாளில் அவர்கள் கால்களில் சுமார் ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. வீட்டுக்குள் இருப்பது படுக்கையில் கிடப்பது ஆகாதுதான். ஆனால் ஹாலுக்கும் பாத்ரூமுக்கும் நடக்கிற நடையில் தெருவுக்குப் போகும் கால் நிலைக்காது. அதோடு பயம் சேர்ந்துகொள்கிறது. 65 வயது கடந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது கீழே விழுகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒருமுறை விழுந்தவர், அல்லது பக்கத்து வீட்டுக்காரர் விழுந்ததைப் பார்த்தவர், அடுத்த நாள் வாசலைத் தாண்ட யோசிப்பார். போகாததால் கால் தளரும், தளர்ந்ததால் பயம் கூடும். விழுந்துவிடக் கூடாதென்று உட்காரவைத்த ஆள், உட்கார்ந்தே இருந்ததால் வீட்டுக்குள் விழுகிறார். பிள்ளைகள் பாசத்தில்தான் "எங்கயும் போகாதீங்கம்மா" என்கிறார்கள். அண்ணனும் அப்படித்தான் சொன்னார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்த மெயின் ரோட்டைப் பார்த்த யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

அந்த ரோட்டுக்கே வருவோம். தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021க்கான கணிப்பின்படி மக்கள்தொகையில் 13.6 விழுக்காடு. இந்தியாவில் கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். ஏழு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சென்னையிலோ மதுரையிலோ ஒரு தெருவில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் ஏழு பேரில் ஒரு முதியவரைப் பார்ப்பீர்களா? பார்க்க மாட்டீர்கள். மற்றவர்கள் எங்கே என்பதுதான் கேள்வி.

முதலில் வீட்டு வாசல். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, பல தெருக்களில் சாலை உயர்ந்து வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. மழைநீர் உள்ளே வராமலிருக்க வீட்டுக்காரர்கள் வாசலை உயர்த்துகிறார்கள், வண்டி ஏற்றத் தெருவை நோக்கிச் சரிவு கட்டுகிறார்கள். ஒவ்வொரு வீட்டுச் சரிவும் ஒவ்வொரு உயரம். அதன் மேல் குறுக்காக நடப்பது முட்டிவலிக்காரருக்குத் தண்டனை. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டுமென்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். சாலைப் பொறியியல் உத்தரவாக வந்த அதை நான் முதியோர் நல உத்தரவாகவே படிக்கிறேன்.

அடுத்தது நடைபாதை. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு 2012இல் வெளியிட்ட பாதசாரி வழிகாட்டி, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், நடைபாதையின் உயரம் 15 செ.மீ.யைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் பிளாட்பாரங்கள் பல, அதற்கு இரண்டு மடங்கு உயரம். ஏறினால் பத்தடியில் டிரான்ஸ்ஃபார்மர், அதைச் சுற்ற இறங்க வேண்டும், மறுபடி ஏறினால் ஒரு கடையின் ஜெனரேட்டர், மறுபடி இறங்க வேண்டும். நாலு தடவை ஏறி இறங்குவதைவிட ரோட்டிலேயே நடந்துவிடலாம் என்று பெரியவர்கள் ரோட்டில் நடக்கிறார்கள். அதைப் பார்த்து ஹாரன் அடிக்கிறோம். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் எது தரை, எது திறந்த கால்வாய் என்று தெரியாது. பெரியம்மாவுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் முழுக்க வீட்டுச் சிறைதான்.

சாலையைக் கடப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. சிக்னலில் நடப்பவருக்கான நேரத்தைக் கணக்கிடும்போது விநாடிக்கு 1.2 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வது பல நாடுகளில் வழக்கம். இங்கிலாந்தில் 65 வயது கடந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் நடையை அளந்து 2012இல் வெளியிட்டார்கள். ஆண்களின் சராசரி வேகம் விநாடிக்கு 0.9 மீட்டர், பெண்களுடையது 0.8. ஆண்களில் 84 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 94 விழுக்காட்டினருக்கும் 1.2 எட்டாத வேகம். இதை ஒரு சாலையில் வைத்துப் பாருங்கள். 14 மீட்டர் அகலச் சாலை, 1.2 கணக்கில் சுமார் 12 விநாடி பச்சை. 0.8 வேகத்தில் நடக்கும் அம்மா அந்த 12 விநாடியில் பத்து மீட்டர்கூட வந்திருக்க மாட்டார். இன்னும் நாலு மீட்டருக்கு மேல் இருக்கும்போது வண்டிகள் கிளம்பிவிடும். சிக்னலை ஒழுங்காக மதிக்கும் ஊரிலேயே இந்தக் கதி. நம் மெயின் ரோடுகளில் பாதி இடத்தில் நடப்பவருக்கென்று சிக்னலே கிடையாது. கையை நீட்டிக்கொண்டு, யாராவது கல்லூரிப் பிள்ளை சேர்ந்து கடக்குமா என்று காத்து நிற்க வேண்டும். மாற்றாக நடைமேம்பாலம் கட்டித்தருகிறார்கள். முட்டி தேய்ந்தவருக்கு அந்தப் படிக்கட்டும் மூடிய கதவும் ஒன்றுதான்.

பஸ்ஸில் காசு பிரச்சினை இல்லை. சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. சென்னையில் 60 வயதானவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் கிடைக்கிறது. பிரச்சினை முதல் படியில் இருக்கிறது. பேருந்தின் தளம் தரையிலிருந்து 90 செ.மீ. உயரம் என்றால், அதை எட்டும் படிகளும் அதற்கேற்ற உயரமாகத்தான் இருக்கும், அதுவும் பஸ் நிறுத்தத்தை ஒட்டி நிற்காமல் நடுரோட்டில் நிற்கும்போது. 2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. தளம் சுமார் 40 செ.மீ. உயரத்தில். மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் போராடிப் பெற்றது அது. அந்தப் போராட்டத்தின் பலனை இன்று எத்தனையோ தாத்தா பாட்டிகள் யார் வாங்கிக் கொடுத்தது என்று தெரியாமலே அனுபவிக்கிறார்கள். தன் வீட்டுப் பக்கம் அந்த பஸ் வராதவர்களுக்குத்தான் இன்னும் விடியவில்லை.

கழிப்பறையைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள், வெளியே போகும் நாளில் அந்த மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறார்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வெளியே போகும் 75 வயதுப் பெண்மணிக்குத் தலைசுற்றி விழுந்தால் நாம் வயதைத்தான் குற்றம் சொல்வோம். கடைத்தெருவில் சுத்தமான ஒரு கழிப்பறை இல்லாதது மருத்துவச் சீட்டில் எங்கும் பதிவாகாது.

தூரம், படி, விநாடி எல்லாம் சரியாகிவிட்டாலும், எதற்காகப் போவது என்ற ஒன்று மிச்சமிருக்கிறது. முன்பு சொன்ன இரண்டாம் பாதி இதுதான். பால் வீட்டுக்கே வருகிறது, காய்கறி செல்போனில் ஆர்டர் செய்தால் அரை மணியில் வருகிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021இலிருந்து சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. தாயுமானவர் திட்டத்தில் 2025 ஆகஸ்டிலிருந்து முதியவர்களுக்கு ரேஷனும் வீடு தேடி வருகிறது. எழ முடியாதவர்களுக்கு இவை உயிர் காக்கும் ஏற்பாடுகள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் போக ஆசையும் ஓரளவு தெம்பும் உள்ளவருக்கு, கடையை வீட்டுக்குக் கொண்டுவருவதோடு கடைக்குப் போகும் வழியையும் சரிசெய்து தந்தால்தான் வேலை முடியும். ரேஷன் கடை வரிசை பெரியம்மாவுக்கு வெறும் அரிசி பருப்பு சமாச்சாரம் கிடையாது. யார் வீட்டில் விசேஷம், யாருக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தியெல்லாம் அங்கேதான் கிடைத்தது.

தெருதான் பிழைப்பு என்றிருக்கும் முதியவர்களை இந்தப் பேச்சில் மறந்துவிடுகிறோம். கீரைக்கட்டு விற்கும் ஆயா, கோவில் வாசலில் பூக்கட்டும் பாட்டி, இட்லிக்கடை போடும் அம்மா. இவர்களுக்கு யாரையும் சார்ந்திராத வாழ்க்கை என்றால் அது மடியிலிருக்கும் நூறு ரூபாய். நகரத்தின் நடுவிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளிப் பல மாடிக் குடியிருப்புக்கு மாற்றும்போது, புது வீட்டின் சதுர அடியைக் கணக்கிடுகிறார்கள். அந்தப் பாட்டி விடிகாலையில் பூமார்க்கெட்டுக்கு எப்படிப் போவார் என்ற கணக்கை யாரும் போடுவதில்லை. அங்கே தெரிந்த முகம் இல்லை, கடனுக்குச் சரக்குத் தரும் ஆள் இல்லை, வாடிக்கை இல்லை. வயதான காலத்தில் அதையெல்லாம் முதலிலிருந்து சேர்க்க முடியாது.

இப்படிச் சொல்வதால் சின்ன ஊரே சொர்க்கம் என்று ஆகிவிடாது. கோவில்பட்டியிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்துக்குப் போனால் நாளுக்கு இரண்டே பஸ் வரும் ஊர்கள் உண்டு. நெஞ்சுவலி வந்தால் யாருடைய பைக்கையாவது எதிர்பார்க்க வேண்டும். திண்ணையில் எல்லாச் சாதிக்காரரையும் உட்கார விட்டதில்லை என்பதையும் மறைக்க முடியாது. பெரியம்மாவுக்கு அந்தத் தெரு தோதாக இருந்தது; எல்லாப் பெரியம்மாக்களுக்கும் அப்படி இருந்ததில்லை.

செய்ய முடியாத காரியமா இது என்றால், சிங்கப்பூரைப் பார்க்கலாம். அங்கே அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் லிஃப்ட் சில மாடிகளில் மட்டும்தான் நின்றது. மற்ற மாடிக்காரர்கள் படியேற வேண்டும். 2001இல் தொடங்கிய திட்டத்தில் எல்லா மாடியிலும் நிற்கும்படி மாற்றிக்கொண்டே வந்தார்கள். 2009இல் சாலைக் கடவைகளில் இன்னொரு ஏற்பாடு வந்தது. முதியவர் தன் அட்டையைச் சிக்னல் கம்பத்தில் காட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி வரை பச்சை விளக்கு கூடுதலாக எரியும். மேலே போட்ட கணக்கில் அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஆறு விநாடிதான். 2014லிருந்து முதியவர்கள் அதிகம் வாழும் பேட்டைகளில் வண்டிகளின் வேகத்தைக் குறைத்து, சாலையை வளைத்து, நடுவில் நின்று இளைப்பாறத் திட்டு வைத்து, இரண்டு மூச்சில் கடக்கும்படி செய்கிறார்கள். பணக்கார நாடு, அதனால் முடிகிறது என்று சொல்லலாம். ஆனால் நடுவில் ஒரு திட்டு கட்டுவதற்குப் பணக்கார நாடாக இருக்க வேண்டியதில்லை.

நம்மிடம் கொள்கையும் இல்லாமலில்லை. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்றது, இந்திய நகரங்களில் முதலாவதாக. 2019இல் திறந்த பாண்டி பஜார் அகல நடைபாதையில் சாயங்காலம் போய்ப் பாருங்கள். ஒன்றுமே வாங்காமல், சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் பெரியவர்கள் வரிசையாக இருப்பார்கள். வீட்டிலிருந்து அவர்களை யாரும் புதிதாகக் கண்டுபிடித்துக் கொண்டுவரவில்லை. உட்கார இடமும் தட்டாத தரையும் இருந்தன, வந்துவிட்டார்கள். எனக்கு உள்ள வருத்தம், காரில் போய்ச் சேரும் கடைத்தெருவில் அது இருக்கிறது, வீட்டைவிட்டு இறங்கும் முதல் 300 மீட்டரில் இல்லை. முதியவர்களின் வாழ்க்கை பெரும்பாலும் அந்த 300 மீட்டருக்குள்தான் நடக்கிறது.

பெரியம்மா இப்போதும் சென்னையில்தான் இருக்கிறார். அண்ணன் அதே பகுதியில் தரைத்தள வீடு ஒன்றுக்கு மாறிவிட்டார். தெருக்கோடியில், மெயின் ரோட்டைக் கடக்காமலே போகக்கூடிய ஒரு பிள்ளையார் கோவில் உண்டு. ஏறக்குறைய 300 மீட்டர். பெரியம்மாவால் ஒரே மூச்சில் அவ்வளவு நடக்க முடியவில்லை, பாதியில் நின்றுவிடுவார். பாதி வழியில் இருக்கும் மருந்துக்கடைத் தம்பியிடம் அண்ணன் கேட்டார். அவர் சாயங்காலம் கடைக்கு வெளியே வேப்பமர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட ஒத்துக்கொண்டார். முதல் வாரம் பெரியம்மா அந்த நாற்காலிவரை போய்த் திரும்பினார். மூன்றாவது வாரம் கோவிலுக்குப் போனார், அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு. இப்போது தனியாகப் போகிறார். போன மாதம் நான் போயிருந்தபோது அந்த மரத்தடியில் மூன்று நாற்காலிகள் கிடந்தன. இரண்டில் எதிர்வீட்டுத் தாத்தாவும் பின்தெரு ஆச்சியும் உட்கார்ந்திருந்தார்கள், மூன்றாவது பெரியம்மாவுக்காகக் காலியாக இருந்தது.